சரீபா ராத்தாவின் புள்ளடி

எங்கள் ஒழுங்கையில் சரீபா ராத்தாவுக்குப் பயப்படாத பெண்கள் குறைவு. அவர் யாரோடும் சண்டைக்குப் போகிறவர் அல்ல. மருதமுனையில் ஒரு பெண் மவுத்தானால், அடக்குவதற்கு முன் மையித்தைக் குளிப்பாட்டுவதற்கு முதலில் ஆள் அனுப்புவது அவருக்குத்தான், பயத்துக்குக் காரணம் அதுதான். கலியாண வீட்டுக்குள் அவர் நுழைந்தால் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து குடிக்கிற பெண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அவருக்கும் அது தெரியும். வேண்டுமென்றே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பயப்படாதகா, இண்டைக்குச் சோறு தின்னத்தான் வந்தன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

ஐம்பத்தெட்டு வயது. கட்டையான உருவம், பெரிய கைகள். கணவர் கைத்தறி நெசவு செய்தவர், நெஞ்சு வலியில் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தது ஸுஹைறா என்ற மூத்த சகோதரி ஒருவர்தான். ஸுஹைறாவின் கணவரைச் சுனாமி கொண்டுபோன பிறகு, அவர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஆறு வருடம் அங்கே இருந்தார். அந்த ஆறு வருடமும் அவருடைய ஒரே மகன் இஹ்ஸானை வளர்த்தது சரீபா ராத்தா. உம்மா திரும்பி வந்த பிறகும் அவன் பாதி நாள் சாச்சி வீட்டில்தான் சாப்பிட்டான். இப்போது முப்பது வயது, கத்தாரில் குளிரூட்டி திருத்துகிற வேலை.

நான் சரீபா ராத்தாவுக்கு அடுத்த வளவு. பெயர் ஜெனூபா, பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒழுங்கையில் எனக்கு வாய் கூட என்று பெயர். பிழையைக் கண்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேனாம். இந்த விஷயத்திலும் சொன்னேன். ஆனால் ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது என் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கொரோனாக் காலத்தில் எங்கள் ஆட்களின் மையித்துகளை அடக்க விடாமல் எரித்தார்களே, அதை இந்தக் கிழக்குக் கரையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நாட்களில்தான் அரசாங்கத்துக்கு மேலும் பலம் கொடுக்கிற சட்டமொன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. எங்கள் பழைய கட்சியில் வென்று போயிருந்த ஹாஜியார் அதற்குக் கையை உயர்த்தினார். அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல, தெற்கே சில மைல் தள்ளிய ஊர். ஆனாலும் மாவட்டம் ஒன்று, சின்னம் ஒன்று, நாங்களும் போட்டுத்தான் அவர் போயிருந்தார். ஏன் உயர்த்தினீர்கள் என்று கேட்டவர்களுக்கு, உயர்த்தினால்தான் அடக்குவதற்கு விடுவார்கள், உள்ளே பேசியிருக்கிறோம் என்று சொன்னார். ஊர் பொறுத்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஸுஹைறா கொழும்பில் மவுத்தானார். சிறுநீரக வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனவர். கடைசி நாளில் எடுத்த பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. இஹ்ஸான் கத்தாரில் இருந்து ஹாஜியாருக்கு எத்தனையோ தரம் கோல் எடுத்தான். ஒரே ஒரு தரம் அவர் பேசினார். மேலிடத்தில் சொல்லியிருக்கிறேன், பொறுங்கள் தம்பி என்றார். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. மறுநாள் பின்னேரம் எரித்து முடிந்தது என்று செய்தி வந்தது. சாம்பலை எடுக்கக் குடும்பம் போகவில்லை.

அன்றைக்கு நான் சரீபா ராத்தாவின் வீட்டில் இருந்தேன். அவர் மையித்தைச் சுற்றுகிற கபன் துணியை அளவாக வெட்டி, கற்பூரத்தையும் இலந்தை இலையையும் எடுத்து வைத்திருந்தார். எப்படியாவது தந்துவிடுவார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ வீட்டுப் பெண்களைக் குளிப்பாட்டின கை அது, சொந்த ராத்தாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றக் கிடைக்கவில்லை. அவர் அழவில்லை. வெட்டின துணியை மடித்து வைத்தார். அடுத்த மாதம் கடற்கரைப் பக்கம் ஓர் ஏழைப் பெண் மவுத்தானபோது அந்தத் துணியை எடுத்துக்கொண்டு போனார்.

இஹ்ஸான் அதற்குப் பிறகு ஊருக்கு வரவேயில்லை. விமான நிலையம் திறந்தது, கூட்டாளிமாரெல்லாம் வந்து போனார்கள், இவன் மட்டும் லீவைத் தள்ளிக்கொண்டே போனான். வெள்ளிக்கிழமை தவறாமல் சாச்சிக்குக் கோல் எடுப்பான். போன பாராளுமன்றத் தேர்தல் அறிவித்த கிழமையில் அவன் ஒரு முடிவு சொன்னான். சரீபா ராத்தா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் நானும் கேட்டேன்.

"இந்தத் தரம் அந்த மனிசன நம்மட ஊரு வெளியில போட்டுச்செண்டா நான் தை மாசம் வாறன் சாச்சி. வந்து உங்களோடயே இருந்திடுவன். மறுகா அவரத்தான் அனுப்புறெண்டா நான் அந்த ஊருக்கு வரமாட்டன். என்னக் கூப்பிடவும் வேணாம்."

"நீ தைக்கு டிக்கட்டப் போடு மகன்" என்றார் சரீபா ராத்தா. "அவருக்கு இந்த ஊருல ஒரு பொம்புள புள்ளடி போடமாட்டா. நான் பாத்துக்குவன்."

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. அவர் பாத்துக்கொள்வார் என்றுதான் நானும் நம்பினேன்.

வேட்பாளர் பட்டியல் வந்தபோது ஹாஜியார் பழைய கட்சியின் பட்டியலிலேயே மறுபடி இருந்தார். இலக்கம் ஐந்து. கட்சி அவரை நீக்கும் என்று எதிர்பார்த்த எங்களை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊருக்கென்று இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். சட்டத்தரணி சாலிஹ் இலக்கம் மூன்று, முன்னாள் அதிபர் முபாறக் இலக்கம் எட்டு. ஓர் ஊருக்கு இரண்டு பேரைப் போட்டால் ஊர் இரண்டாகும் என்பது கட்சிக்குத் தெரியாமல் இருக்காது.

பெண்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்தச் சின்னத்துக்கு இனி இல்லை என்றார்கள். இளம் ஆட்கள் சேர்ந்து கேட்கிற புதுக் குழுவுக்குப் போடுவோம் என்றார்கள் சிலர். தென்னிலங்கையிலிருந்து அடிக்கிற புது ஜனாதிபதியின் கட்சி அலையோடு போய்விடுவோம் என்றார்கள் சிலர். கனபேர் வாக்குப் போடவே போகாமல் வீட்டில் இருக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் பெண்கள் ஒரு முடிவை இவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சத்தம் சாலிஹுக்குக் கேட்டிருக்கிறது. அவர் ஒரு நாள் காலையில் சரீபா ராத்தாவின் வீட்டுக்கு வந்தார். மரியாதையாக உட்கார்ந்து, ஸுஹைறாவின் பெயரைச் சொல்லித் துஆக் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சின்னம் ஹாஜியாருடையது அல்ல, எங்கள் வாப்பாமாருடையது. அதை விட்டுவிட்டால் ஏழு ஆசனத்தில் எங்கள் ஆள் என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். சின்னத்துக்குப் போடுங்கள், ஐந்தாம் இலக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அப்படிச் செய்தால் அந்த மனிதர் பட்டியலின் அடியில் கிடப்பார், அதுதான் அவருக்குச் சரியான அடி. இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்.

சரீபா ராத்தாவுக்கு அது பிடித்துப்போனது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்தச் சின்னம் அவருடைய வீட்டில் ஓர் ஆளைப் போல இருந்தது. தொண்ணூறுகளில் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் எங்கள் ஆட்களை வெட்டியும் சுட்டும் போட்ட காலத்தில், எங்களுக்கும் ஒரு குரல் இருக்கிறது என்று காட்டியது அதுதான். கணவர் அந்தக் கொடியின் துணியைத் தன் தறியிலேயே நெய்தவர். அப்படிப்பட்டவரிடம் போய் அதைக் கைவிடச் சொன்னால் எப்படி விடுவார்?

அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டார். வீடு வீடாகப் போனார். கறுப்பு அபாயாவும் குடையுமாக அவர் ஒழுங்கைக்குள் வந்தால் முதலில் எல்லாரும் யார் மவுத் என்றுதான் கேட்டார்கள். நானூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கியிருப்பார். ஒரு கட்சிக்காரனும் நுழைய முடியாத அடுப்படி வரைக்கும் அவர் போனார். உம்மாவைக் குளிப்பாட்டினவர், மாமியைக் குளிப்பாட்டினவர் வந்து கேட்கும்போது யார் மறுப்பது? அதைவிடப் பெரிய விஷயம், எரிக்கப்பட்டது அவருடைய ராத்தா. அவரே சின்னத்துக்குப் போடச் சொன்னால் மற்றவர்கள் கோபப்பட்டு என்ன பயன் என்று பெண்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். வீட்டில் இருக்கப்போவதாகச் சொன்னவர்கள் வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவருடைய வளவில் முப்பது நாற்பது பெண்கள் கூடினார்கள். மாதிரி வாக்குச்சீட்டை வைத்துக் காட்டினார். உண்மையான சீட்டு அந்த வருடம் ஒரு சாரன் நீளம், கட்சியும் சுயேச்சைக் குழுவுமாக அறுபதுக்கும் மேலே. அதில் சின்னத்தைத் தேடிப் பிடித்து ஒரு புள்ளடி. கீழே ஒன்று முதல் பத்து வரை வேட்பாளர் இலக்கங்கள், ஒருவர் மூன்றுக்கு வரை போடலாம். மூன்றுக்கும் எட்டுக்கும் புள்ளடி. ஐந்தில் பேனை நுனி படக்கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

எதிர் வீட்டு நஸ்லா, போன வருடம் கலியாணம் முடித்த பிள்ளை, கேட்டாள்: அந்தப் பட்டியலில் அவரும் இருக்கிறாரே, சின்னத்துக்குப் போட்டால் அவருக்கும் சேராதா? பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கணக்கு ரீச்சர் நான்தானே.

நான் சொன்னேன். கட்சிக்கு ஆசனம் கிடைப்பது சின்னத்தின் புள்ளடியால். அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை இலக்கத்தின் புள்ளடி தீர்மானிக்கும். ஹாஜியாருடைய ஊர் எப்போதும் ஒற்றை இலக்கம்தான் போடும், வேறு யாருக்கும் கொடுக்காது. எங்கள் ஊரில் சாலிஹின் ஆட்கள் மூன்றுக்கு மட்டும் போடு என்கிறார்கள், முபாறக்கின் ஆட்கள் எட்டுக்கு மட்டும் போடு என்கிறார்கள். நீங்கள் இரண்டுக்கும் போட்டாலும் உங்கள் வீட்டு ஆண்கள் அப்படிப் போடமாட்டார்கள். கடைசியில் நாங்கள் சின்னத்துக்குப் போட்டு எடுத்துக் கொடுக்கிற கதிரையில் அவர் வந்து உட்காருவார். அவர் வரக்கூடாதென்றால் சின்னத்தையும் விடவேண்டும்.

சரீபா ராத்தா மாதிரிச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மையித்துல அழுக்கிருந்தா நாம கழுவுறோம் ஜெனூபா. மையித்தத் தூக்கி எறியிறல்ல" என்றார். "ஊரு ஒண்டா நிக்கும். நீ பயப்படாத."

நான் அதற்கு மேல் பேசவில்லை. தேர்தல் கடமைக்கு என் பெயர் வந்திருந்தது. அரசாங்க உத்தியோகத்தர் அரசியல் பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சாட்டு அந்த நேரத்தில் எனக்கு நல்ல வசதியாக இருந்தது. நாற்பது பெண்களுக்கு முன்னால் அவரை எதிர்த்துப் பேச எனக்குத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தேர்தல் கடமை உள்ளவர்களுக்குத் தபால் மூல வாக்கு, இரண்டு கிழமைக்கு முன்னமே போட்டுவிட வேண்டும். அந்த மறைப்புக்குள் நின்று நானும் பழைய சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டேன். கீழே மூன்று, எட்டு. கணக்குத் தெரிந்த எனக்கு அந்தக் கணத்தில் பயம் வந்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவரும் இல்லாமல் போனால் நாளைக்கு யார் எங்களுக்காகக் கேட்பது என்ற பயம். எரித்தபோது எங்கள் ஆட்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்களே, அப்போது யார் கேட்டார் என்பதை நான் நினைக்கவே இல்லை. இந்தக் கரை முழுக்கப் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் இப்படித்தான் போட்டோம். அதனால் சரீபா ராத்தாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வாக்களிப்பு நாளில் நான் சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு நிலையத்தில் கடமையில் இருந்தேன். எங்கள் ஊரில் நடந்ததைப் பிறகு கேட்டேன். காலை ஏழு மணிக்கே சரீபா ராத்தா பெண்களோடு பாடசாலை வாசலில் நின்றாராம். நடக்க முடியாதவர்களுக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்தாராம். மத்தியானத்துக்குள் எங்கள் நிலையத்தில் பெண்களின் வரிசை முடிந்துவிட்டதாம். இவ்வளவு பெண்கள் வந்ததே இல்லை என்று பொலிஸ்காரரே சொன்னாராம். பின்னேரம் நான் வந்தபோது அவர் மை பூசின சின்ன விரலைக் காட்டினார். முகத்தில் நான்கு வருடமாகக் காணாத சந்தோஷம் இருந்தது.

"ஒருத்தியும் அஞ்சுக்குப் போடல்ல புள்ள" என்றார். "தையில அவன் வந்ததும் ஒரு பெரிய கந்தூரி குடுக்கணும்."

மறுநாள் காலையில் முடிவுகள் வரத் தொடங்கின. மாவட்டத்தின் பெரும்பகுதியைத் தெற்கின் அலை கொண்டுபோய்விட்டது. பழைய கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஆசனம், அதுவும் கடைசி ஆசனம். இளம் ஆட்களின் புதுக் குழு முந்நூற்று எண்பத்தாறு வாக்கு வித்தியாசத்தில் அந்த ஆசனத்தை இழந்திருந்தது. நான் அந்த இலக்கத்தைக் கேட்டதும் தேநீரைக் கீழே வைத்தேன். நானூறு வீடு என்று நான் கணக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, அது தானாகவே தலைக்குள் வந்து நின்றது.

ஒன்பது மணி போல விருப்பு வாக்குகள் வந்தன. ஹாஜியார் முதலாவது. ஒற்றை இலக்கம் போட்ட அவருடைய ஊர் அவரைத் தூக்கி மேலே வைத்திருந்தது. சாலிஹும் முபாறக்கும் எங்கள் ஊரின் ஆண் வாக்குகளை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு இரண்டாவதும் நான்காவதுமாகக் கிடந்தார்கள். இருவரில் ஒருவருக்கு அத்தனையும் போயிருந்தால் ஹாஜியாரைத் தாண்டியிருப்பார். பின்னேரம் வரைக்கும் சாலிஹின் ஆட்களும் முபாறக்கின் ஆட்களும் சந்தியில் நின்று ஒருவரையொருவர் துரோகி என்று ஏசிக்கொண்டிருந்தார்கள்.

நான் சரீபா ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை, அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. அவர் ஒரு தரம் திருப்பிக் கேட்டார். சின்னத்துக்குப் போடாமல் எங்கள் பெண்கள் வீட்டில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். அந்த ஆசனம் புதுக் குழுவுக்குப் போயிருக்கும், ஹாஜியார் பாராளுமன்றம் போயிருக்கமாட்டார் என்றேன். இந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் பொய் ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஹாஜியார் நன்றி சொல்ல ஊர் ஊராக வந்தார். திறந்த வாகனம், வெடி, மாலை. எங்கள் ஒழுங்கை வாசலில் வாகனம் நின்றது. பெண்கள் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் இறங்கி நேராகச் சரீபா ராத்தாவின் வாசலுக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரீபா ராத்தா உள்ளே வரச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் தேத்தண்ணி கேட்கிற மனுஷி, அன்றைக்கு அதுவும் கேட்கவில்லை. நான் வேலியோரம் நின்றேன்.

"இந்த ஒழுங்கைப் பொம்புளையள் எனக்கு நம்பர் போடல்ல எண்டு தெரியும் ராத்தா. எனக்குக் கோவமில்ல" என்றார் ஹாஜியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "சின்னத்துக்குப் போட்டீங்களே, அது போதும். அந்த வாக்கு இல்லாட்டி நான் வந்திருக்கமாட்டன்."

சரீபா ராத்தா கேட்டார்: "எங்கட ராத்தாட பேரு தெரியுமா உங்களுக்கு?"

ஹாஜியார் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார். அந்த ஆளுக்கும் தெரியவில்லை. அது எல்லாருக்கும் ஒரு சோதனைக் காலம், அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு ஹாஜியார் வாகனத்தில் ஏறினார். அடுத்த ஒழுங்கையில் வெடிச் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நேரம் வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தக் கடதாசி எரியும். ஆனால் ஆத்திரப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இஹ்ஸானின் கோல் வந்தது. முடிவு அவனுக்கு ஏற்கனவே தெரியும், கத்தாரில் எங்களை விட முதலே தெரிந்திருக்கும். அவன் சத்தம் போடவில்லை. சுகம் விசாரித்தான், மருந்து குடித்தீர்களா என்று கேட்டான். பிறகு கேட்டான்.

"நீங்க எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்க சாச்சி?"

நான் கையால் சைகை காட்டினேன். புதுக் குழு என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் போகவேயில்லை என்று சொல்லுங்கள் என்று வாயசைத்தேன். அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது? சரீபா ராத்தா என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

"பழைய சின்னத்துக்குத்தான் மகன் போட்டன். மத்த ஆக்களையும் நான்தான் போடச் சொன்னன். நம்பர் அவருக்குப் போடல்ல."

சரி சாச்சி, மருந்தைத் தவறாமல் குடியுங்கள் என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

தை மாதம் அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கோல் இரண்டு கிழமைக்கு ஒன்றாகி, பிறகு மாதத்துக்கு ஒன்றாகி, நோன்புக்குப் பிறகு நின்றுபோனது. அவன் கொழும்பில் ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்துவிட்டான் என்று அவனுடைய கூட்டாளி ஒருவன் மூலம் எங்களுக்குத் தெரிந்தது. இலங்கைக்கு வந்து இருபது நாள் நின்றிருக்கிறான். எங்கள் ஊருக்கு வர பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

பெண்கள் சரீபா ராத்தாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாராவது மவுத்தானால் முன்னைப் போலவே கூப்பிட்டார்கள், அவரும் போனார். ஆனால் கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு இருக்கிறது, டொக்டரிடம் காட்டியிருக்கிறேன் என்றார். இஹ்ஸானுக்கு ஒரு மெசேஜ் எழுதித் தரச் சொன்னார். அவருக்கு எழுத வராது என்றில்லை, போனில் எழுத்துகளைத் தேடிப்பிடிக்கக் கண் தெரியவில்லை.

ஒரு பெண்ணின் மையித்தைக் கபுறுக்குள் இறக்குவதற்கு அவளுக்கு நெருங்கிய இரத்த உறவுள்ள ஆண்களே நிற்பது எங்கள் வழக்கம். மகன், கூடப் பிறந்தவர், ராத்தாவின் மகன், இப்படி. ஆள் இல்லாவிட்டால் ஊரவர்கள் இறக்குவார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருடமாக மற்றப் பெண்களை அவரவர் மகன்மாரின் கைக்கு அனுப்பிவைத்தவர் சரீபா ராத்தா. அவருக்கு இந்த உலகத்தில் அப்படி இருந்தது இஹ்ஸான் ஒருவன்தான்.

அவர் சொல்லச் சொல்ல நான் அப்படியே அடித்தேன்.

"மகன், நீ ஊருக்கு வரத் தேவல்ல. நான் கூப்பிடவும் மாட்டன். நான் மவுத்தானா மட்டும் வந்து என்னக் கபுறுல இறக்கிப்போட்டுப் போ."

அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை. சரீபா ராத்தா போனை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. நான் அதைப் படித்துவிட்டு அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் வேலியோரம் வந்து நின்றார். பெரிய பள்ளிப் பக்கம் ஒரு பெண் மவுத்தாகியிருந்தாள், அங்கே போவதற்காக அபாயா போட்டிருந்தார். பதில் வந்ததா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும். இருந்தாலும் வாசிக்கச் சொன்னார்.

நான் வாசித்தேன். "எங்கட உம்மாவ இறக்க ஆரும் இருக்கல்ல சாச்சி."

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லவில்லை.

"ஓம்" என்றார். "அவன் சொல்றது சரிதான்."

பிறகு குடையை விரித்துக்கொண்டு பெரிய பள்ளிப் பக்கம் நடந்தார். அங்கே மையித்துக் காத்துக்கொண்டிருந்தது.